பேச்சு நின்ற சலவைக்கூடம்

காலையில் முதல் ஆளாக வந்து, துணி தேய்க்கும் சூட்டு உருளைக்கு மெழுகு போடுவது சின்னக்காதான். சுவிட்சைத் தட்டிவிட்டு, சூடு ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு மெழுகுத் தூளை வைத்து மடித்த பழைய துணியை உருளையின் வாய்க்குள் கொடுப்பாள். துணி மெல்ல உள்ளே போய், மறுபக்கம் பளபளவென்று வெளியே வரும். அதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கினால் ஈரப் படுக்கைவிரிப்புகள் இரும்பில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

மேற்பார்வையாளர் ஆன பிறகு அது அவள் செய்ய வேண்டிய வேலையே இல்லை. அதனால்தான் மற்றவர்களுக்குச் சந்தேகம்.

“ஆள் வர்றதுக்கு முன்னாடி தனியா வந்து என்ன பண்றாங்களாம்?”

“மெழுகு போடறாங்களாம்.”

“மெழுகு உருளைக்கு. சோப்பு மேனேஜருக்கு.”

மூன்றாவதாகப் பேசியது ரேடியோ. வாய் ஓயாததால் வந்த பெயர். உடை மாற்றும் அறையிலிருந்து கிளம்பிய சிரிப்பு சின்னக்காவின் காது வரை வந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் நின்றது. யாரோ தலையைத் துவட்டினார்கள், யாரோ செருப்பைத் தேடினார்கள். ரேடியோ மட்டும், “குட் மார்னிங் மேடம்” என்றாள். போன மாதம்வரை அதே வாய்தான் ‘அக்கா, அக்கா’ என்று அழைத்தது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவருக்குள்ளேயே பொருத்தப்பட்ட சலவை இயந்திரங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம், சீழ், வாந்தி என்று பிரித்துப் போடுவார்கள். இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். துவைத்ததை எடுத்து, உருளையில் கொடுத்து, மடித்து அடுக்குவார்கள். இரண்டு பக்கத்துக்கும் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் அழுக்குப் பக்கம் போவதென்றால் தண்டனை என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம்.

உருளைக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். படுக்கைவிரிப்பின் ஒரு முனை இவள் கையில், மறுமுனை அவள் கையில். இழுத்து விறைப்பாக்கி உருளையின் வாயில் வைத்து, இருவரும் ஒரே நொடியில் கையை விட வேண்டும். பல வருடங்களாக இடப்பக்கம் நின்றவள் சின்னக்கா. வலப்பக்கம் நின்றவள் நெட்டை.

நெட்டையின் உயரத்துக்குப் பக்கத்தில் சின்னக்கா தோள்வரைகூட வரமாட்டாள். “ஒட்டகத்தையும் ஆட்டையும் ஒரே வண்டியில பூட்டியிருக்காங்க” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த வண்டிதான் கூடத்திலேயே வேகமாக ஓடியது. நெட்டைக்கு மூச்சிரைப்பு உண்டு. முன்பு அழுக்குப் பக்கத்தில் இருந்தவளை, பிளீச்சிங் நெடி ஆகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் மாற்றினார்கள். அவளுடைய இழுப்பு மருந்து சின்னக்காவின் மேலங்கிப் பையில்தான் இருக்கும். “என்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன் குள்ளி, நீயே வெச்சுக்க” என்பாள் நெட்டை.

மேற்பார்வையாளர் பதவிக்கு அவர்கள் இருவரில் ஒருவர்தான் என்று பேச்சு இருந்தது. சின்னக்காவுக்குக் கிடைத்தது. அன்று மேலங்கியை மாற்றியபோது இழுப்பு மருந்தை எடுத்து நெட்டையிடம் கொடுத்தாள். “இனிமே நான் ஒரு இடத்துல நிக்க மாட்டேன், நீயே வெச்சுக்க” என்றாள். நெட்டை வாங்கிக்கொண்டாள். “வாழ்த்துகள் மேடம்” என்றாள். கேலியா, நிஜமா என்று சின்னக்காவுக்குப் பிடிபடவில்லை. அந்த ஒரு சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசி களையும்போதும் புரட்டினாள், படுத்த பிறகும் புரட்டினாள்.

அப்புறம் எல்லாமே அப்படித்தான் தெரிய ஆரம்பித்தது. உருளைக்கு முன்னால் நெட்டையும் ரேடியோவும் இப்போது ஜோடி. இவள் கதவைத் திறந்தால் பேச்சு நிற்கும். எதைப் பற்றிய பேச்சு? இவளைப் பார்த்து நிற்கிறதென்றால் இவளைப் பற்றியதாகத்தானே இருக்க வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க, கட்டைச் செருப்பை விட்டுவிட்டு ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ வாங்கினாள். சத்தமில்லாமல் போனாள். அப்படிப் போன ஒரு நாள் நெட்டையின் குரலில், “பாவம், அவளுக்கு அது ஒத்துக்கல” என்ற பாதி வாக்கியம் கேட்டது. எது, யாருக்கு ஒத்துக்கவில்லை? மிச்சம் கேட்கவில்லை. ரேடியோ இவளைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லோரையும் நிற்க வைத்து, “இனிமே உருளைக்கு முன்னாடி பேச்சு கூடாது. மேலிடத்து உத்தரவு” என்றாள்.

மேலிடத்துக்கு அப்படி ஓர் உத்தரவு போட்ட நினைவே கிடையாது.

“மூச்சு விடலாமா மேடம்?” என்று கேட்டாள் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. நெட்டை சின்னக்காவை ஒரு முறை பார்த்தாள். பிறகு படுக்கைவிரிப்பின் முனையை எடுத்துக்கொண்டாள்.

சின்னக்காவின் கணவர் முடிதிருத்துகிறவர். தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட கடை. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள், உத்தரவு யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

“என் கடையில தெரியாதவன் வந்து கழுத்தை நீட்டிக்கிட்டுக் கண்ணை மூடறான். நான் கையில கத்தி வெச்சிருக்கேன். அவன் என்னைச் சந்தேகப்பட்டா ஷேவிங் நடக்குமா?” என்றார் அவர்.

“உங்க கடையில ஒருத்தரும் உங்க நாற்காலிக்கு ஆசைப்படலையே.”

“அதுவும் சரிதான். இடுப்பு வலிக்கற நாற்காலி.”

கல்லூரியில் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “அம்மா, நேத்து என் ரூமுக்குள்ளயும் நீ அந்த ஷூவோடதான் வந்தே. பூனை மாதிரி. நான் போன்ல பேசிட்டிருந்தது என் ஃபிரண்டோட பல்வலியைப் பத்தி. உன்னைப் பார்த்ததும் பயந்து கட் பண்ணிட்டேன். நீ உடனே, ‘யாரு, ஏன் கட் பண்ணே’ன்னு கேட்டே.”

“பல்வலிக்கா கட் பண்ணுவாங்க?”

“பார்த்தியாப்பா?” என்றாள் மகள். அவள் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பேச்சு நின்ற வாரத்தில்தான் கோடு விழ ஆரம்பித்தது.

படுக்கைவிரிப்பின் குறுக்கே, விரல் அகலத்தில், பழுப்பாக ஒரு கோடு. உருளை ஓடிக்கொண்டிருந்தால் துணி கருகாது. துணி உள்ளே இருக்கும்போது உருளை நின்றால், நின்ற இடத்தில் சூடு கடித்துவிடும். உருளையை நிறுத்தும் தடி முழங்கால் உயரத்தில் வலப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் நிற்பவள் முழங்காலால் தட்டினால் நிற்கும்.

சின்னக்கா கதவருகே நின்று கவனித்தாள். கூடத்தில் உருளையின் உறுமல் மட்டும்தான். இரண்டு பெண்களும் வாயை இறுக்கிக்கொண்டு துணியைக் கொடுத்தார்கள். திடீரென்று ஒரு விரிப்பு கோணலாக உள்ளே போனது. நெட்டையின் முழங்கால் தடியைத் தட்டியது. உருளை நின்றது. துணியை நேராக்கினார்கள். மறுபடி ஓடியது. துணி மறுபக்கம் கோட்டோடு வந்தது.

“யார் நிறுத்தினது?”

“நான்தான்” என்றாள் நெட்டை.

“எதுக்கு?”

“கோணலாப் போச்சு.”

“ஏன் கோணலாப் போச்சு?”

“போச்சு மேடம்.”

அவ்வளவுதான். இவ்வளவு வருடம் போகாதது இப்போது மட்டும் ஏன் போகிறது? ஒன்று கை மறந்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். நெட்டையின் கை மறக்கிற கையில்லை என்பது சின்னக்காவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இந்தக் கண்ணுக்கோ கண்டதெல்லாம் பழுப்பு. நெட்டை தண்ணீர் குடிக்கப் போனாலும் அதில் ஒரு திட்டம் தெரிந்தது.

வார்டுகளிலிருந்து புகார் வந்தது. மேலாளர் சின்னக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு விரிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

“இது என்னன்னு நோயாளியோட சொந்தக்காரங்க கேக்கறாங்க தெரியுமா? ‘போன ஆளோட ரத்தத்தைத் துவைக்காமயே எங்க அப்பாவுக்கு விரிச்சிருக்கீங்களா’ன்னு. நேத்து ஒருத்தர் நர்ஸ் முகத்துலயே விட்டெறிஞ்சிருக்கார்.”

“அது ரத்தம் இல்லீங்க சார். சூடு.”

“எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொல்றது? யாராலே இது?”

“மெஷின் நின்னுடுதுங்க.”

“தானாவா நிக்குது? பாருங்கம்மா, நான் மேல பதில் சொல்லணும். எனக்கு ஒரு பேர் வேணும். பேர் இல்லைன்னா மேற்பார்வைன்னு உங்க பேரைத்தான் போடணும்.”

அறையில் மின்விசிறி சுற்றியது. சின்னக்கா நெட்டையின் முழுப்பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அதற்குமுன் அவள் வாயால் சொன்னதே இல்லை. அறிமுகமில்லாத யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அதனால்தான் சொல்லவும் முடிந்தது.

“அழுக்குப் பக்கம் அனுப்பிடறேன்” என்றார் மேலாளர்.

‘அவளுக்கு மூச்சிரைப்பு இருக்கு சார்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது.

மறுநாள் நெட்டை எதுவும் கேட்கவில்லை. தன் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். அந்தப் பக்கத்து ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். மடிக்கும் மேஜையில் இருந்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. ரேடியோவின் பக்கத்தில் வலப்புறம் வேறொருத்தி வந்து நின்றாள், மடிக்கும் மேஜையிலிருந்து வந்தவள்.

மதியத்துக்குள் கோடு விழுந்தது.

சின்னக்கா அந்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது யார்? புதியவளா? அவள் நெட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று யாரோ சொன்ன ஞாபகம். ரேடியோவா? அவளும் நெட்டையும் ஒரே பேருந்தில் வருகிறவர்கள். இருவரும் சேர்ந்து செய்கிறார்களா? மனம் அடுத்த பெயரைத் தேடிப் போனது. தேடியதில் ஒன்றல்ல, கூடத்தில் இருந்த எல்லாப் பெயரும் கிடைத்தன. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

“நகரு” என்றாள் புதியவளிடம். “நான் நிக்கறேன். யார் கை தப்பு பண்ணுதுன்னு பார்க்கலாம்.”

பழக்கமான இடம். நின்றது இடப்பக்கமாக இருந்தாலும் வலப்பக்கமும் அவளுக்கு அத்துப்படி. ரேடியோ எதிர் முனையை எடுத்தாள். இழுத்தார்கள். விறைப்பாக்கினார்கள். வைத்தார்கள். விட்டார்கள். சரியாகப் போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததில் சின்னக்கா விட்டபோது ரேடியோவின் விரல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. துணி கோணலாக ஓடியது. யோசிக்க நேரமில்லை. சின்னக்காவின் முழங்கால் தானாகப் போய்த் தடியைத் தட்டியது.

உருளை நின்றது. உள்ளே துணி கருகும் வாசனை மெதுவாக வந்தது.

ரேடியோ அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

“வேணும்னே புடிச்சியா?” என்று கேட்டாள் சின்னக்கா.

“இல்லக்கா” என்றாள் ரேடியோ. பதற்றத்தில் ‘மேடம்’ மறந்துபோயிருந்தது. “எப்ப விடணும்னு தெரியல. நீங்க எப்ப விடுவீங்கன்னு உங்க கையையே பார்த்துட்டு இருந்தேன். பார்த்தா லேட்டாயிடுது.”

சின்னக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். அதை உருளையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் நெட்டையும் நின்ற காலத்தில் யாரும் யாருடைய கையையும் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரன் வாடகை ஏற்றியது, மகளின் மதிப்பெண், தண்ணீர் வராத குழாய். “அப்புறம்?” என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் மூச்சை இழுத்து அடுத்ததைத் தொடங்குவாள். அந்த இடத்தில் நான்கு கைகளும் ஒன்றாக விடும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. யாரும் அதை வேலை என்று நினைத்ததுமில்லை. வம்பு என்றுதான் நினைத்தார்கள், அவளும் சேர்த்து.

“ஏதாவது பேசு” என்றாள்.

ரேடியோ சந்தேகமாகப் பார்த்தாள். “என்ன பேசறது?”

“ஏதாவது.”

“எதுக்கு? அப்புறம் மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்றதுக்கா?”

“நீ பேசாம இருந்த நாளே கிடையாதே. பேசேன்.”

“வாயைத் தைச்சுட்டு இப்போ பாடச் சொன்னா எப்படிக்கா?” என்றாள் ரேடியோ. ஆனாலும் சொன்னாள். யாரோ ஒருவரின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனது, அங்கே மாப்பிள்ளை நாற்காலி உடைந்து விழுந்தது. முதலில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நாற்காலி உடையும் இடம் வந்ததும் குரல் தன்னால் ஏறியது. மடிக்கும் மேஜையிலிருந்து ஒருத்தி, “பொண்ணு சிரிச்சாளா?” என்று கேட்டாள். அந்தக் கதை முடியும்வரை உருளை நிற்கவேயில்லை.

சின்னக்கா மேலாளரின் அறைக்குப் போனாள்.

“நான் சொன்ன பேர் தப்புங்க சார். பேசக் கூடாதுன்னு நான்தான் ஒரு சட்டம் போட்டேன். அதுல வந்த வினை.”

“பேசாததாலே துணி கருகுச்சா?” மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “யாராவது உங்களை மிரட்டறாங்களாம்மா?”

“இல்லீங்க.”

“அவங்க யூனியனுக்குப் போறேன்னு சொன்னாங்களா?”

“அவ ஒண்ணுமே சொல்லலைங்க. அதான்...”

அவரால் அதை நம்ப முடியவில்லை. நம்பாமலேயே கையை அசைத்தார். “சரி, அவங்களே இஷ்டப்பட்டு வர்றதா இருந்தா கூட்டிக்குங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நாளைக்கு ஒரு வம்புன்னா என் தலையில விழும். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை கோடு விழுந்தா, இந்தத் தடவை பேர் கேக்க மாட்டேன்.”

அழுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரித்தது. நெட்டை மூட்டை மேஜைக்கு முன்னால் முகமூடியோடு நின்றுகொண்டிருந்தாள். விரிப்புகளை உதறக் கூடாது, உருட்டித்தான் எடுக்க வேண்டும். அவள் உருட்டி எடுத்து, கறைக்குத் தகுந்த தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சும் எங்கோ சிக்கிக்கொண்டு வருவதுபோலக் கேட்டது. ஏப்ரன் பையில் இழுப்பு மருந்தின் மூடி தெரிந்தது.

சின்னக்காவின் கான்வாஸ் ஷூவில் சத்தம் வரவில்லை. நெட்டை திரும்பியபோது திடுக்கிட்டாள்.

“என்ன மேடம், இங்கயும் செக்கிங்கா?”

“உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன். உருளைக்கு.”

நெட்டையின் கை நிற்கவில்லை. “யார் அனுப்பினது?”

“யாரும் அனுப்பல.”

“யாரும் அனுப்பாம நீங்க எதுவும் செய்ய மாட்டீங்களே. அங்க இன்னும் கோடு விழுதா? அதுக்கு ஒரு ஆள் வேணுமா?”

“விழுந்துச்சு. நீ இல்லாம விழுந்துச்சு. நானே நின்னப்பவும் விழுந்துச்சு.”

நெட்டையின் கை அப்போதுதான் நின்றது. கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. விலையைக் கேட்ட பிறகு காய்கறியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பார்வை.

“சரி, நான் வர்றேன்னு வெச்சுக்கங்க. அங்க வந்து நான் என்ன பண்ணணும்? வாயை மூடிட்டு நிக்கணுமா, திறக்கணுமா? இப்போ மேலிடத்து உத்தரவு எது?”

“மேலிடம் ஒண்ணும் சொல்லல” என்றாள் சின்னக்கா. “அப்பவும் சொல்லல. அது நான் சொன்னது.”

நெட்டை தலையை ஆட்டினாள். “தெரியும்.”

“தெரியுமா?”

“அந்த மனுஷன் இந்தக் கூடத்துக்குள்ள வந்து வருஷமாச்சு. நாங்க பேசறோமா, பாடறோமான்னு அவருக்கு என்ன தெரியும்?” ஒரு மூச்சு சிக்கியது. நின்று, அதை விட்டாள். “பேசாம இருந்தா கை ஒண்ணு சேராதுன்னு உனக்குத் தெரியாம போயிருக்கும்னு நான் நினைக்கல. நீ தெரிஞ்சேதான் சொல்றேன்னு நினைச்சேன். என்னை மாட்டிவிட.”

“சத்தியமா இல்ல.”

“நானும்தான் வேணும்னு துணியைக் கருக்கல. நீ நம்பினியா?”

சுவருக்குள் இயந்திரம் ஒன்று தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது.

“அன்னிக்கு ‘அவளுக்கு ஒத்துக்கல’ன்னு சொன்னியே” என்றாள் சின்னக்கா. கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். “அது யாரைப் பத்தி?”

நெட்டை முகமூடிக்குள் சிரித்ததுபோல இருந்தது. சிரிப்பா, இருமலா தெரியவில்லை. “பார்த்தியா? கூட்டிட்டுப் போக வந்த இடத்துலயும் விசாரணை.”

வேலை முடியும் மணி அடித்தது. நெட்டை கடைசி விரிப்பை உருட்டித் தொட்டியில் போட்டாள். கையுறைகளைக் கழற்றி, முழங்கைவரை சோப்பு போட்டு நிதானமாகக் கழுவினாள். ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். இழுப்பு மருந்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுப் பையை மூடினாள்.

“அந்த நிறுத்துற தடி பக்கம் நான் நிக்கறேன்” என்றாள் சின்னக்கா. “நீ இடப்பக்கம் நில்லு. எது கருகினாலும் என் முழங்கால்தான். கூடத்துல எல்லார் முன்னாடியும் உத்தரவு என்னோடதுன்னு சொல்லிடறேன். நாளைக்கு வர்றியா?”

நெட்டை கதவருகே போய்க் குனிந்து, செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். நிமிர்ந்தபோது சின்னக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்வை கீழே இறங்கி அந்தக் கான்வாஸ் ஷூவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.